உப்பில்லாத துண்டு

ஜான்ஹவி சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் வாசல் வழியாக உள்ளே போவதில்லை. பக்கத்துச் சந்தில் திரும்பிக் கொல்லைக் கதவைத் தட்டுவாள். அம்மா குமுதவல்லி தாழைத் திறந்து, கிணற்றடியில் நிரப்பி வைத்திருக்கும் இரண்டு வாளித் தண்ணீரைக் கண்ணாலேயே காட்டுவாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு, போட்டிருந்த துணியை அலசிக் கொடியின் கடைசியில் தனியாகக் காயப்போட்டு, ஈரத்தலையோடு அடுக்களைக்குள் நுழைந்த பிறகுதான் அம்மா வாய் திறந்து, "பஸ்ல உக்கார இடம் கெடைச்சுதோடீ?" என்று கேட்பாள். இரண்டு வருஷமாக இதுதான் நடைமுறை. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. மீன் படிக்கிற பெண்ணும் பெருமாளுக்குச் சமைக்கிற அப்பாவும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்றால் நடுவில் இரண்டு வாளித் தண்ணீராவது வேண்டாமா?

அப்பா ஆராவமுதன் அந்த ஆற்றங்கரை ஊர்க் கோயிலின் மடப்பள்ளியில் முப்பத்தொரு வருஷமாகச் சமைக்கிறார். வெண்பொங்கல், புளியோதரை, தயிர்சாதம், மார்கழியில் சர்க்கரைப் பொங்கல். பெண் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "கடல் சம்பந்தமா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்கோ மாட்டுக்கோ மாற்றிவிடுவார். கேட்டவர்கள் கப்பல் என்று நினைத்துக்கொண்டால் அதற்கு அவர் பொறுப்பில்லை.

ஜான்ஹவி தூத்துக்குடியில், திருச்செந்தூர் சாலையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். படிப்பு, மீன் பதனிடுதல். வகுப்பில் மொத்தம் எட்டே பேர். நாசரேத்தில் விலங்கியல் முடித்துவிட்டு, இடம் கிடைத்ததே என்று வந்து சேர்ந்தவள்தான். முதல் மாதம் துறைமுக ஏலக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது வாசலிலேயே வாந்தி எடுத்தாள். ஹாஸ்டலில் அவளுக்கு 'மாமி' என்று பெயர் வைத்தார்கள். மெஸ்ஸில் எல்லாரும் சாளை மீன் குழம்பை வழித்துச் சாப்பிடும்போது அவள் ஓரத்தில் தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருப்பாள். ஆனால் ஒரு வருஷத்துக்குள் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் எப்போது வலையில் பட்டது என்று சொல்லுமளவுக்கு ஆகிவிட்டாள். அறுப்பாள், குடலை எடுப்பாள், தசையை அரைத்து நுண்ணுயிர் வளர்ப்பாள். கையில் அருவருப்பு போய்விட்டது. வாய்க்கு மட்டும் மீன் போகாது. யாருக்காகவும் அல்ல, அவளுக்கே போகாது.

அவளுக்கு மீன் சொல்லிக்கொடுத்தது ரூம்மேட் டயானா. மணப்பாட்டுக்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். அண்ணன் ஜெஸ்டின் விசைப்படகில் இருந்தான். ஜனவரியில் வலை இழுக்கும் கம்பி காலில் சுற்றி எலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். டயானாவுக்குப் புத்தகத்தில் இருக்கிற மீன்பெயர் நுழையாது, மீனைப் பார்த்தால் அதன் ஜாதகமே சொல்லுவாள். ஜான்ஹவி அவளுக்கு லத்தீன் பெயரை மனப்பாடம் செய்ய வைப்பாள். இரண்டு பேரும் இப்படித்தான் ஒருத்தியை ஒருத்தி தூக்கிக்கொண்டு மூன்று செமஸ்டர் கடந்தார்கள்.

கடைசி செமஸ்டரில் ஆராய்ச்சி. ஜான்ஹவிக்கு விழுந்த தலைப்பு, விளைமீன் ஐஸில் எத்தனை நாள் தாங்கும் என்பது. சாதா ஐஸில் ஒரு பெட்டி, கடற்பாசிச் சாறு கலந்த ஐஸில் ஒரு பெட்டி. மூன்று நாளுக்கு ஒரு தடவை இரண்டிலிருந்தும் மீனை எடுத்து, உப்புத்தண்ணீரில் நனைத்து, ஆவியில் பத்து நிமிஷம் வேகவைத்து, தட்டில் எண் ஒட்டி ருசிபார்ப்பவர்கள் முன்னால் வைக்க வேண்டும். அவர்கள் நிறம், வாசனை, பதம், ருசி என்று நாலு பத்தியில் ஒன்பதுக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். எந்த எண் எந்த மீன் என்று அவர்களுக்குத் தெரியாது. ருசிபார்க்க எட்டுப் பேராவது வேண்டும். வகுப்பில் எட்டுப் பேர்தான். ஆகவே எட்டாவது ஆள் ஜான்ஹவியே.

"நான் சாப்பிடமாட்டேன் மேடம்" என்று முதல் நாளே சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஞானதீபம் மேடத்தைப் பார்த்தால் யாருக்கும் வாயில் வார்த்தை வராது. நாசரேத் வாத்தியார் வீட்டுப் பெண், ஐம்பத்தாறு வயது, சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. மேலும், மீன் படிக்க வந்துவிட்டு மீன் தின்னமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. கொச்சியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்திருந்தது. ஏப்ரல் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் அந்த இடம். நமக்கெதற்கு வம்பு என்று டயானாவிடம் ஏற்பாடு செய்துகொண்டாள்.

"நீ என்ன போடறியோ அதுல ஒண்ணு கூட்டிக் கொறைச்சு நான் போட்டுக்கறேன்."

"போடு, எனக்கென்ன. ஆனா ஸ்பூனை வாய் வரைக்கும் கொண்டு போ, ஏளா. சும்மா உக்காந்திருந்தா அந்தம்மா பார்த்துரும்."

முதல் சனிக்கிழமை, அடுத்த செவ்வாய், அதற்கடுத்த வெள்ளி. மூன்று தடவையும் ஜான்ஹவி ஸ்பூனை உதடு வரைக்கும் கொண்டுபோய் டிஷ்யூவில் தட்டிவிட்டு, டயானாவின் முகத்தைப் பார்த்து எழுதினாள். மற்றவர்கள், "மாமி அவிச்சா உப்பு அப்படி அளவா இருக்கு" என்று பாராட்டினார்கள். அதில் ஆச்சரியமில்லை. ருசி பார்க்காமல் சமைப்பது அவள் வீட்டுத் தொழில். பெருமாளுக்குப் போகிறதை யாரும் நாக்கில் வைக்கக்கூடாது. ஆராவமுதன் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, கையளவாலேயே உப்புப் போடுகிறவர்.

அந்த வெள்ளிக்கிழமை ஞானதீபம் மேடம் ஒரு காரியம் செய்தார். ஜான்ஹவியை ஐஸ் எடுக்க அனுப்பிவிட்டு, ஒரு மீனின் துண்டுகளை மட்டும் உப்பில்லாத தண்ணீரில் நனைத்து வேகவைத்தார். ருசிபார்ப்பவர்கள் தூங்குகிறார்களா, விழித்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு அவர் எப்போதாவது செய்கிற வேலை. ஆறு பேர் 'உப்பு இல்லை' என்று எழுதி நாலு மார்க் போட்டிருந்தார்கள். டயானா எட்டு. ஜான்ஹவி ஏழு.

மாலை இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். தாள்களை மேஜையில் அடுக்கினார்.

"ரெண்டு பேரும் சாப்பிடல. சரிதானா?"

டயானாதான் முதலில் அழுதாள். ஜான்ஹவிக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. இரண்டு நாளுக்கு முன்னால் சாம்பல் புதன், கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் நாள். டயானா நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்கு வந்ததை அவள் பார்த்தாள்தான். ஆனால் தவக்காலம் என்றால் கறியைத்தானே விடுவார்கள், மீனுக்கென்ன என்று நினைத்துவிட்டாள்.

"கடற்கரையில கறியை விடுறது என்னத்த தபசு மேடம்? என்னைக்கோ ஒரு நாள் தின்னுறது. மீனை விட்டாத்தானே தபசு. அண்ணன் கால் சரியாகணும்னு நாப்பது நாளும் மீனைத் தொட மாட்டேன்னு நேர்ந்திருக்கேன். சொன்னா என்னைய எடுத்துருவீங்க, இவ பிராஜெக்ட் நின்னு போகும்னு சொல்லல. துண்டைப் பார்த்தா தெரியுமே, நல்ல மீனுதானேன்னு எட்டு போட்டுட்டேன்."

"மீனைப் பார்த்தா தெரியும். உப்பைப் பார்த்தா தெரியுமா?" என்றார் மேடம். பிறகு ஜான்ஹவியைப் பார்த்தார். "நீ எத்தன தடவ?"

ஜான்ஹவி மேஜையில் கிடந்த தன் தாளைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை ஒன்பதாம் நாள் மீன் எடுக்கோம். நீ எனக்கு எதுத்தாப்புல உக்காந்து சாப்பிட்டுட்டு எழுதணும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு, இந்த டேட்டாவ என்ன செய்யணும்னு நான் பாத்துக்கிடுதேன். ரெண்டுல ஒண்ணு. போ."

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு ஸ்பூன்தானே, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினால் என்ன என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே வந்தாள். விழுங்காவிட்டால் ஒரு வார உழைப்பும் போகும், கொச்சியும் போகும். விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் அம்மா எத்தனை வாளித் தண்ணீரைக் காட்டுவாள்? பாவம் அந்தப் பெண். இருபத்து மூன்று வயதில் இப்படி ஒரு சங்கடம் யாருக்கும் வரவேண்டாம்.

மத்தியானம் ஆராவமுதன் கோயிலிலிருந்து வந்ததும் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மிளகு ரசம், அவர்கள் வழக்கில் சாத்தமுது. வாழைக்காய்க் கறி. "பேஷா இருக்கு" என்றார் அப்பா. எப்போதும் சொல்வதுதான். ஜான்ஹவி பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஸ்பூன், டிஷ்யூ, டயானாவின் சாம்பல், திங்கட்கிழமை எல்லாம்.

"அவா தின்னச் சொல்றாளா?" என்று அம்மா பதறினாள்.

"தின்னு, இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்கறா. அதுகூடப் பெரிசில்லம்மா. மூணு தடவை வாயிலேயே வைக்காம, பக்கத்துல இருக்கறவ மொகத்தைப் பார்த்து மார்க் போட்டேன். உப்பே இல்லாத துண்டுக்குப் போய் ஏழு போட்டிருக்கேன். அவமானமா இருக்கு. உப்பில்லைங்கறதுகூடத் தெரியாம நன்னா இருக்குன்னு எழுதியிருக்கேனே."

அம்மாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மோர் வாங்கிக்கொள்ளாமலே எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

"நான் என்னம்மா சொல்லிட்டேன்? மீனுக்காகக் கோவமா?"

"மீனாவது ஒண்ணாவது." குமுதவல்லி குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கொரோனாவுல ஜொரம் வந்து விட்டுதே, அப்போ போனதுடீ அவருக்கு. மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. எல்லாருக்கும் ஒரு மாசத்துல வந்துடுத்து. இவருக்கு வரலை. எங்கிட்டயும் சொல்லலை. ஒரு நாள் நான் மறந்துபோய்க் கூட்டுல உப்பே போடலை. பேஷா இருக்குன்னு சாப்பிட்டுட்டுப் போனார். மறுநாள் வேணும்னே போடலை. அன்னிக்கும் பேஷா இருக்குன்னார். நாலு வருஷம் ஆச்சு."

"கோயில்ல?"

"தெரியாது. அங்கதான் வாயைக் கட்டிண்டு சமைக்கணுமே, யாருக்குத் தெரியப்போறது. போன ஐப்பசியில பொங்கல் அடிபிடிச்சுடுத்து. வாசனை தெரியலை அவருக்கு. அர்ச்சகர் மரியாதைக்கு ஒண்ணும் சொல்லலை. தெரிஞ்சா மடப்பள்ளியை விட்டு அனுப்பிடுவாளோன்னு மனுஷர் உள்ளுக்குள்ளயே செத்துண்டிருக்கார். நீ பாட்டுக்கு உப்பு உப்புன்னு சொல்றே."

ஜான்ஹவி இலையை மடித்தாள். நாலு வருஷம் ஒரு மனிதர் மண்ணைத் தின்பதுபோல் தின்றுவிட்டுப் பேஷ் என்று சொல்லியிருக்கிறார். வாரா வாரம் வந்துபோகிற அவளுக்குத் தெரியவில்லை. ருசிபார்க்கிற சாஸ்திரம் படிக்கிறாளாம்.

மறுநாள் ஞாயிறு. ஆராவமுதன் மத்தியானம் வந்தவர், சாப்பிட உட்காராமல் கூடத்தில் அவள் எதிரே வந்து நின்றார். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க காலேஜ்ல நாக்கைப் பரீட்சை பண்ணுவேளாமே. எனக்கு ஒண்ணு வையேன்."

"எதுக்குப்பா?"

"வையேன். எனக்கே தெரிஞ்சுக்கணும். கொஞ்சம் கொஞ்சம் வர்றாப்பல இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. நிச்சயமா தெரியலை."

அவள் அடுக்களைக்குப் போய் மூன்று வெள்ளித் தம்ளர் எடுத்தாள். ஒன்றில் உப்பு கரைத்தாள், ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் வெறும் கிணற்றுத் தண்ணீர். காலண்டர் தாளைக் கிழித்து 417, 263, 805 என்று எழுதி அடியில் வைத்தாள். பையிலிருந்து கல்லூரித் தாள் ஒன்றையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தாள். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் தம்ளரைத் தூக்கிக் குடித்தார். குடித்துவிட்டு, நிலைப்படியில் நின்ற குமுதவல்லியின் முகத்தைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை ஜான்ஹவிக்கு நன்றாகத் தெரியும். அதே பார்வையைத்தான் அவள் மூன்று தடவை டயானாமேல் போட்டிருந்தாள்.

"அம்மா, நீ உள்ள போ" என்றாள்.

குமுதவல்லி உள்ளே போனாள். அப்பா இரண்டாவது தம்ளரைக் குடித்தார், மூன்றாவதையும் குடித்தார். மறுபடி முதலிலிருந்து ஒவ்வொரு வாய். வெளியே சைக்கிளில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். சமாளித்து ஏதாவது எழுதிவிடலாம், மூன்றில் ஒன்றாவது சரியாகிவிடும் என்று அவருக்கும் தோன்றியிருக்கும். தோன்றாமலா இருக்கும்? பேனாவைத் திறந்து, கோயில் வாசலில் மடப்பள்ளி முறைப் பலகை எழுதுகிற அதே முத்து முத்தான எழுத்தில் ருசிப் பத்தியில் எழுதினார். 417, தெரியவில்லை. 263, தெரியவில்லை. 805, தெரியவில்லை. கீழே ஆராவமுதன் என்று கையெழுத்துப் போட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"அப்பா" என்றாள். அழுதாள்.

"எதுக்கு அழறே? நாலு வருஷமா இதைச் சொல்லத்தான் பயந்துண்டிருந்தேன். எழுதினப்பறம் ஒண்ணுமில்லை, பாரமெல்லாம் போயிட்டாப்பல இருக்கு."

"நாளைக்கு நான் என்னப்பா பண்றது? சாப்பிடறதா, வேண்டாமா?"

"அதை எங்கிட்டக் கேக்காதே. சாப்பிட்டுட்டு வந்தாலும் எம்பொண்ணு கொல்லை வழியா உள்ள வரலாம். உனக்கே வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. எங்களைக் காரணம் சொல்லாதே." மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "குமுதா, சாதம் போடேன். பசிக்கறது."

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் ஜான்ஹவி மீனை வேகவைத்துத் தட்டுகளை அடுக்கினாள். மற்ற ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டயானா சுவரோரம் நின்றாள். ஞானதீபம் மேடம் எதிர் நாற்காலியைக் காட்டினார். ஜான்ஹவி உட்காரவில்லை. கையிலிருந்த தாள்கட்டை நீட்டினாள்.

"நான் சாப்பிட மாட்டேன் மேடம். வீட்டுல சொன்னதுக்காக இல்ல. எனக்கு முடியல. மூணு நாள் ஷீட்டிலயும் ருசிப் பத்திய அடிச்சு, சாப்பிடவில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

மேடம் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதாக ஒன்று வந்தது. பஸ்ஸில் அவசரமாகக் கட்டிய தாள்களுக்குள் அதுவும் சேர்ந்திருந்தது.

"இது யாரு? நாம கொடுத்த நம்பர் இல்லியே. மூணுலயும் தெரியவில்லைன்னு எழுதியிருக்கு."

ஜான்ஹவி கையை நீட்டி வாங்கப் பார்த்தாள். மேடம் கொடுக்கவில்லை.

"எங்கப்பா மேடம். தெரியாம வந்துட்டுது. கொரோனாவுல அவருக்கு ருசி போயிட்டுது. நேத்துத்தான் டெஸ்ட் வச்சேன்."

"அப்பா என்ன வேலை செய்யுதாங்க?"

"பெருமாள் கோயில்ல சமைக்காங்க."

மேடம் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆறு பேரும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏளா," என்றார். வகுப்பில் யாரையும் அவர் அப்படி வீட்டுப் பெண்போல் கூப்பிட்டதில்லை. "இந்தக் கட்டுல நான் நம்புத மாதிரி இருக்கது இந்த ஒரு ஷீட்டுதான். பத்திரமா வை."

பிறகு பழைய குரலுக்கு வந்துவிட்டார். ஒன்பதாம் நாள் மீனைக் குப்பையில் கொட்டச் சொன்னார். எட்டில் இரண்டு பேர் கழிந்தால் இந்தக் கணக்கு நிற்காது, முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்றார். ஜான்ஹவி சமைத்தால் போதும். ருசிபார்க்க ஆறு பேரோடு தானும், லேப் அட்டெண்டர் கிளைட்டனும் உட்காருவதாகச் சொன்னார். சமைக்கிறவள் ருசி பார்த்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது, முதல் நாளே கேட்பதற்கு வாயில் என்ன இருந்தது என்று ஒரு பாட்டம் திட்டினார்.

"ஏப்ரலுக்குள்ள முடிஞ்சிருமா மேடம்?"

"முடியாமலும் போகலாம். கொச்சிக்கு நானே எழுதிக் கேக்கேன். என்ன நடந்துதுன்னு எழுதித்தான் கேப்பேன், பாத்துக்கோ. இடம் போனாலும் போகும். மீன் வாங்கப் போ."

செவ்வாய்க்கிழமை விடிகிற நேரத்தில் இரண்டு பேரும் துறைமுக ஏலக்கூடத்தில் நின்றார்கள். தரையெல்லாம் ஐஸ் கரைந்த தண்ணீர். டயானா குவியலில் ஒவ்வொரு விளைமீனாகத் தூக்கிச் செவுளைத் திறந்தாள்.

"இது நேத்துப் பட்டது, வேண்டாம். இங்கன வா, இதைப் பாரு, கண்ணு எப்படி நிக்கி. இதுல பத்து எடு. நல்ல நாள்ல நல்ல மீனாக் கெடக்கு, எனக்குத்தான் நேர்ச்சை." சிரித்துக்கொண்டே எச்சிலை விழுங்கினாள். "ஈஸ்டர் அன்னைக்குத் திங்கிற தீனியப் பாரு, நீ பயந்துருவ."

ஜான்ஹவியின் போன் அடித்தது. வீட்டிலிருந்து. ஈரக்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். நேற்று மேடம் அப்பாவின் தாளைப் பற்றிச் சொன்னதை இரவே அப்பாவுக்குச் சொல்லியிருந்தாள். அவர் கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டிருந்தார்.

இப்போதும் அம்மாதான். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"கோயிலுக்குக் கிளம்பிட்டார்டீ. ருசி போனதை இன்னிக்கு அங்க சொல்லப் போறேன்னுட்டுப் போயிருக்கார். வெச்சுண்டா பக்கத்துல மூக்கு இருக்கறவன் ஒருத்தனை நிறுத்தி வெச்சுக்கட்டும், இல்லேன்னா போறதுங்கறார். எனக்குத்தான் பயமா இருக்கு."

"அழாதேம்மா."

"அழலை. அதுக்காகக் கூப்பிடலை." குமுதவல்லி மூக்கை உறிஞ்சினாள். "நேத்து ராத்திரி சாப்பிட உக்காந்தாரோல்லியோ, எப்பவும் மொதல் கவளத்துக்கே பேஷா இருக்கும்பாரே, சொல்லலை. என் மொகத்தைப் பார்த்து, 'உப்புப் போட்டியாடீ'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"போட்டிருக்கேன், சரியா இருக்கு, சாப்பிடுங்கோன்னேன். சரின்னு சாப்பிட்டார்."